கடைசி இடம்

ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவரைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியாக வருவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். கோட்டில் நிற்க விட்டால்தானே கடைசியாக வர முடியும்? ஐம்பது வயது தாண்டும்வரை என்னை ஒருவரும் கோட்டில் நிற்க விடவில்லை.

நடை பழகும் வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிவிட்டது. போலியோ சொட்டு மருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து சேராத காலம் அது. குன்னூருக்குக் கீழே ஒரு சரிவில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில் எங்கள் லைன் வீடு. அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. தொடையில் பலமில்லாததால் இடது காலை ஊன்றும்போதெல்லாம் இடது கையால் முட்டிக்கு மேலே அழுத்திக்கொள்வேன். கை அழுத்தினால் கால் நிற்கும், வலது கால் முன்னே போகும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சமதளத்தில் என் நடை பார்க்க விகாரமாகத்தான் இருக்கும். ஆனால் தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறும் குறுக்குப் பாதையில் எல்லோருமே முட்டியில் கை வைத்துத்தான் ஏறுவார்கள். அங்கே நானும் மற்றவர்களைப் போல ஒருத்தி.

பள்ளிக்கூடம் மேலே ரோட்டோரம் இருந்தது. தினமும் அந்தக் குறுக்குப் பாதையில் ஏறித்தான் போக வேண்டும். சாயங்காலம் இறங்கி வந்தால், கவாத்து வெட்டிய தேயிலைச் செடிகளின் மிலாறுக் குச்சிகளைக் கட்டி அடுப்புக்குச் சுமந்து வர வேண்டும். குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்க வேண்டும். இதிலெல்லாம் எனக்கு ஒரு சலுகையும் கிடையாது. “நொண்டிக் காலாச்சே, விறகு வேண்டாம்” என்று எங்கள் லைனில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லவும் கூடாது, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் ஊர் முழுக்க என் கால்மேல் கரிசனம் பொத்துக்கொண்டு வரும்.

பள்ளியில் டிரில் பீரியட் வந்தால் என் வேலை ஸ்வெட்டர் காவல். மற்றப் பிள்ளைகள் ஓட ஆரம்பித்து உடம்பு சூடானதும் ஸ்வெட்டரைக் கழற்றி என் பக்கத்தில் குவித்துவிட்டுப் போவார்கள். கொடிக்கம்பத்துக்கு அடியில் ஒரு கல், அதுதான் என் இடம். கற்பூர மரங்களுக்கு நடுவிலிருந்து ஊசிக்காற்று நேராக அந்தக் கல்மேல்தான் அடிக்கும். ஓடுகிறவர்களுக்கு வேர்க்கும். உட்கார்ந்திருக்கிற எனக்குப் பல் தந்தியடிக்கும். அத்தனை பேருடைய கம்பளியும் பக்கத்தில் குவிந்திருக்க, அந்த மைதானத்தில் குளிரில் நடுங்கியவள் நான் ஒருத்திதான். உடம்புக்கு அசைவு தேவை என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த உடம்புக்கு அது அதிகம் தேவை என்று ஒரு நிமிடம் யோசித்தார்களா?

டிரில் மாஸ்டர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். கீழ் ரோட்டு பஸ் நிறுத்தத்திலிருந்து குறுக்குப் பாதையில் பள்ளிக்கு ஏறி வருவதற்குள் அவருக்கு மூச்சு இரைக்கும். வழியில் என்னைப் பார்த்தால் நின்று, என் இடது கையைப் பிடித்துத் தூக்கிவிடப் பார்ப்பார். கையைப் பிடித்துக்கொண்டால் நான் தொடையை எதால் அழுத்துவது? அது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஒரு வருடம் விளையாட்டு விழாவுக்கு முன்னால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“சார், நூறு மீட்டர்ல என் பேரையும் எழுதிக்குங்க சார்.”

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. அதுவாக இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

“ஏம்மா, நீ எங்கயாச்சும் விழுந்து வெச்சா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?”

“விழ மாட்டேன் சார். மெதுவா வர்றேன். கடைசியா வர்றேனுங்க சார்.”

“கடைசியா வர்றதுக்கு எதுக்கும்மா ஓடணும்? உனக்கு இதைவிட நல்ல வேலை வெச்சிருக்கேன்.”

அந்த நல்ல வேலை, பந்தய முடிவில் கட்டும் ரிப்பனின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மறு நுனியைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ஆக, அந்தக் கம்பமும் நானும் ஒரு ஜோடி. ஒவ்வொரு பந்தயத்திலும் எவளோ ஒருத்தி ஓடி வந்து நான் பிடித்த ரிப்பனை நெஞ்சால் இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் வகுப்பில் குண்டாக ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, முகம் சிவந்து, தன்னந்தனியாக ஓடி வந்தாள். வந்தவுடன் தரையில் உட்கார்ந்து அழுதாள். தோழிகள் சூழ்ந்துகொண்டு தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள். முதலில் வந்தவள்மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவள்மேல் வந்த பொறாமையில் வயிறு எரிந்தது. ரிப்பனைச் சுற்றி மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா பூரித்துப் போயிருந்தாள். “அந்த சாருக்கு எவ்ளோ நல்ல மனசு பாரு கண்ணு. உன்னையும் ஒரு ஆளா மதிச்சு ரிப்பனக் குடுத்திருக்காரு.” நல்ல மனசு! என் வாழ்க்கையில் கெட்ட மனசுக்காரர்கள் செய்த கெடுதல் கொஞ்சம்தான். இந்த நல்ல மனசுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டுதான் நான் பட்டேன்.

பிறகு ஊட்டியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். அங்கேயும் வருடத்துக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடக்கும். ஆண்களுக்கு ஓட்டம், கயிறு இழுத்தல். பெண்களுக்கு எலுமிச்சை ஸ்பூன், கோலம். நன்றாக இரண்டு காலும் உள்ள பெண்களையே குனிந்து கோலம் போடச் சொல்லி அதை விளையாட்டு என்று சொன்ன மகான்கள், என்னை என்ன செய்வார்கள்? கோலத்துக்கு நடுவராகப் போட்டார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து டீயும் கொடுத்தார்கள். மறுத்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். வருடாவருடம் குடித்தேன்.

ஐம்பது தாண்டியபோது வலது முட்டி பேச ஆரம்பித்தது. இரண்டு கால் வேலையை ஒரே கால் பார்த்தால் எத்தனை நாள் தாங்கும்? ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என்னைக் கட்டிலில் படுக்கவைத்து இரண்டு தொடைகளையும் அழுத்திப் பார்த்தார். “நல்ல காலம், இத்தன வருஷம் மேடேறி இறங்கினதாலதான் இந்த அளவுக்காவது பலம் இருக்கு. உக்காந்துடாதீங்க. முடிஞ்ச அளவுக்கு நடங்க, முடியலைன்னா நின்னு இளைப்பாறிட்டு மறுபடியும் நடங்க” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் என்று நினைத்து அவர் கையை எடுத்துக்கொண்டார். உட்காராதே என்று என்னிடம் சொன்ன முதல் மனுஷி அவர்தான்.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவும் நானும் காலையில் சேர்ந்து நடந்தோம். அக்கா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சர்க்கரை வியாதிக்காக அவருக்கும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். ரப்பர் செருப்பும் தலையில் கம்பளித் தொப்பியுமாக வருவார். என்னை முந்தவும் மாட்டார், எனக்காக மெதுவாக நடப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்.

அப்போதுதான் ஊரில் புதிதாக முளைத்த ஓர் ஆரோக்கிய சங்கம் ‘அனைவருக்குமான நடை’ என்று பேனர் கட்டியது. எந்த வயதினரும், எப்படிப்பட்ட உடம்பினரும் வரலாம். ஊட்டியில் ஒரு மைதானத்தில் புறப்பட்டு, லவ்டேல் சாலையில் பாதி தூரம் போய்த் திரும்ப வேண்டும். பேனரைப் பார்த்ததும் எனக்கு மனசு துள்ளியது. இந்த வயதில் முதல் பரிசுக்கா ஆசைப்படப் போகிறேன்? எல்லோரும் போன பிறகு, என் நடையில் நடந்து வந்து, அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். நான்கு பேர் பார்க்க, முறையாகக் கடைசியாக வர வேண்டும். பள்ளியில் கேட்டும் கிடைக்காததை இங்கேயாவது வாங்கிவிட வேண்டும் என்று இருந்தது. பெயர் கொடுத்தேன். அக்காவும் கொடுத்தார்.

அன்று காலை போனால், அறுபது தாண்டியவர்கள் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். “இதைச் சுத்தறதுக்கா இத்தன தூரம் பஸ் ஏறி வந்தேன்? எங்க ஊட்டு ஆட்டைக் கட்டிப் போட்டாக்கூட இதைவிட அதிகமாச் சுத்துமே” என்றார். அதற்குள் சங்கத்தின் செயலாளர், நாற்பது வயதிருக்கும், பளபளவென்று டிராக்சூட் போட்டவர், என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

“மேடம், உங்களை மேடைக்குக் கூப்பிடறாங்க. வாங்க.”

மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் மைக்கைப் பிடித்து, இவரைப் பார்த்து நாமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். இன்னும் ஓர் அடிகூட நான் நடந்திருக்கவில்லை. என்னிடம் என்னத்தைக் கற்றுக்கொண்டார்களோ! அத்தோடு விடாமல் ஒரு மெடலையும் கழுத்தில் மாட்டினார்கள்.

“இது எதுக்குங்க இப்ப? நடந்து முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்” என்றேன்.

“பரவாயில்லீங்க மேடம், போட்டோவுக்குப் போட்டுக்கங்க. நீங்க கஷ்டப்பட வேண்டாம். ஜீப் ரெடியா நிக்குது. கொடியப் பிடிச்சுட்டு முன்னாடி உக்காந்து வந்தாப் போதும்.”

“நான் நடக்க வந்தேனுங்க.”

அவர் முகத்தில் ஒரு தர்மசங்கடம். “முழுசாவா மேடம்?”

“முழுசா. நேரமாகும். நான் வர்ற வரைக்கும் கோட்டை எடுத்துடாதீங்க, அது போதும்.”

“அதெல்லாம் இருப்போமுங்க மேடம்” என்று கும்பிட்டார். சால்வையையும் மெடலையும் பையில் திணித்துக்கொண்டு, அக்காவோடு கோட்டில் நின்றேன். காலம் போன காலத்தில் என் வாழ்க்கையின் முதல் கோடு. விசில் ஊதியதும் கூட்டம் எங்களைத் தாண்டிக் கொட்டிக்கொண்டு போனது.

நடந்தேன். முதல் ஏற்றத்தில் கை தானாகத் தொடைக்குப் போனது. எதிரே திரும்பி வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்கள், “சூப்பர் மேடம்” என்றார்கள். ஒருவர் கேட்காமலே பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார். நான் நடப்பது அவர்களுக்கு ஒரு பாடம். எனக்கு அது நடை, அவ்வளவுதான். பைக்கில் தொண்டர் ஒருவர் போவதும் வருவதுமாக “ஏறிக்கிறீங்களா மேடம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங் தம்பி, நடக்கறதுக்குத்தான கூப்பிட்டீங்க? நடக்கறோம். உங்களுக்கென்ன வந்துச்சு?” என்று போட்ட போட்டில் பைக் மறுபடி வரவில்லை.

பாதி தூரத்தில் திரும்பும் இடத்தில் தண்ணீர் மேஜையை மடித்துக் கட்டிவிட்டிருந்தார்கள். அக்கா இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்தார். நின்று குடித்துவிட்டுத் திரும்பினோம். வலது முட்டி வலித்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்களுக்குப் பின்னால் சாலை காலியாக இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆளும் இல்லை. “யாரத் தேடறே அம்மணி?” என்றார் அக்கா. “யாருமில்லைங்களான்னு பாத்தேனுங்க்கா” என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, சிரித்தார். கீழே மைதானத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தமும், அதைத் தொடர்ந்து பெரிய கைதட்டலும் கேட்டன. என்ன சொன்னார்கள் என்பது காற்றில் பிடிபடவில்லை.

இறக்கம்தான் எனக்குக் கஷ்டம். மெல்ல இறங்கி மைதானத்துக்குள் நுழைந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேனரைச் சுருட்டியாகிவிட்டது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு எங்கே இருந்தது என்றே தெரியாதபடி மிதிபட்டிருந்தது. உத்தேசமாக ஓரிடத்தைக் கோடு என்று வைத்துக்கொண்டு நான் தாண்டினேன். அக்கா தாண்டினாரா என்று பார்த்தேன். எனக்கு ஓர் அடி முன்னாலேயே தாண்டியிருந்தார், நல்லவர்.

செயலாளர் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

“மேடம்! இன்னும் போகலீங்களா?”

“இப்பத்தானுங்க முடிச்சேன். இருப்போம்னு சொன்னீங்களே.”

“அப்பவே அறிவிச்சிட்டோமுங்க மேடம். விருந்தினருக்கு அவசரமாக் கெளம்பணும். அதனால, நீங்க வெற்றிகரமா முடிச்சிட்டீங்கன்னு மைக்குல சொல்லிட்டோம். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. பாத்திருக்கணும் நீங்க!”

நான் லவ்டேல் சாலையில் தொடையை அழுத்திக்கொண்டு வந்த நேரத்தில், இங்கே என்னைக் கொண்டுவந்து சேர்த்துக் கைதட்டியும் முடித்துவிட்டார்கள். பையைத் திறந்து அந்த மெடலை ஒருமுறை பார்த்தேன். அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டு அந்த நல்ல மனுஷன் என்னைத் தேற்றினார்.

“கவலப்படாதீங்க மேடம். நீங்க கடைசி இல்லீங்க. உங்களுக்கு அப்புறம் நெறையப் பேரு வந்தாங்க.”

“நான்தாங்க கடைசி!” என்று கத்திவிட்டேன். பந்தல் பிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எனக்குப் பின்னால ஒருத்தரும் வரலை. நான் பாத்துக்கிட்டே வந்தேன். கடைசியா வந்தது நான்தான்!”

“சரிங்க மேடம், சரிங்க” என்றார். வெறி பிடித்தவளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பிறகு ஓடிப்போய், அடுக்கி வைத்ததிலிருந்து ஒரு நாற்காலியை உருவிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் போட்டார்.

“மொதல்ல உக்காருங்க மேடம்.”