விரிப்பின் மறுமுனை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை ‘நாலுமடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த படுக்கை விரிப்பில் ஓரம் பிசகி யாரும் பார்த்ததில்லை. மறுமுனை பிடிப்பவள் அவள் கணவனின் அக்கா; நாலுமடிக்கு ‘அண்ணி’. அவளுக்கு வைத்த பெயர் ‘வானொலி’. காலையில் உள்ளே நுழையும்போது திறக்கும் வாய், மாலை மணி அடித்தாலும் மூடாது.

விரிப்பு மடிக்க ஒரு முறை உண்டு. இருவரும் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து ஒரு சுண்டு சுண்ட வேண்டும். சுருக்கம் ஓடிப்போகும். பிறகு இருவரும் நடந்து வந்து நடுவில் முனை சேர்க்க வேண்டும். எதிரே இருப்பவள் வருகிறாளா என்று நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தாழும், துணி தரையில் புரளும், மறுபடி துவைக்கப் போட வேண்டியதுதான். நாலுமடி நிமிர்ந்து பார்ப்பதை விட்டுப் பல வருடமாகிறது.

மூன்றாவது பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய காரியம். ரத்தம் நிற்கவில்லை. அண்ணிதான் சட்டென்று போய்ப் படுத்து ரத்தம் கொடுத்தாள். “இன்னொண்ணு வேண்டாம், உடம்பு தாங்காது” என்று டாக்டரம்மா சொன்னபோது பக்கத்தில் இருந்தவளும் அண்ணிதான். மருந்தகத்துக்குப் பின்னால் கருத்தடை ஊசி போடும் அறை வாசலில் நாலுமடி கூசி நின்றபோது, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள்.

“போடி உள்ள. என் தம்பிக்குப் பொண்டாட்டி வேணும். அவன் என்ன கால்பந்து டீமா கேட்டான்?”

ஊசி போட்ட நர்ஸுக்கே சிரிப்பு அடங்கவில்லை. அதன் பிறகு மூன்று மாதத்துக்கொருமுறை அந்த அறை. நாலுமடி ராத்திரி நிம்மதியாகக் கணவன் பக்கம் திரும்பிப் படுத்தது அந்த ஊசியை நம்பித்தான்.

மருத்துவமனை ஒரு மத சபைக்குச் சொந்தம். ஊரில் வேறு மருத்துவமனை கிடையாது. நம்பிக்கைக்கு ஒவ்வாத சிகிச்சையை இப்படிப்பட்ட மருத்துவமனைகள் மறுக்கலாம் என்று சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. ஜனங்களிடம் கருத்துக் கேட்க உறுப்பினர்கள் குழு வருகிறது என்றதும் நாலுமடி அண்ணியைத் தேடிப் போனாள்.

“நாலு பேர் முன்னாடி இதையெல்லாம் எப்படி அண்ணி பேசறது?”

“வாயாலதான். நீ எழுந்திரு, அடுத்து நான் எழுந்திருக்க மாட்டேனா? நான் ஆரம்பிச்சா அந்தக் குழு பஸ் பிடிச்சு ஓடிரும் பாரு.”

கூட்டத்தில் முதலில் சபைச் செயலாளர் பேசினார். கெட்ட மனிதரில்லை. சலவைக்கூடம் புழுங்குகிறது என்று சொன்னவுடன் மின்விசிறி மாட்டித் தந்தவர்.

“நாங்க யாரையும் தடுக்கலம்மா. உயிர் கடவுள் கொடுக்கறதுன்னு நம்பறோம். அது வராம தடுக்கற மருந்தை எங்க கையால கொடுக்கச் சொல்லாதீங்கன்னுதான் கேக்கறோம்.”

அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை என்று நாலுமடிக்கும் தெரிந்தது. அவள் எழுந்தாள்.

“உங்க கையால வேண்டாம், சரிங்கய்யா. இந்த ஊருல வேற கை எது இருக்கு? இன்னொரு பிரசவம்னா நான் இருக்க மாட்டேன். மூணு பிள்ளைங்க இருக்கு. அந்த ஊசிக்கு என்னைக் கூட்டிட்டு வந்ததே எங்க அண்ணிதான். அவங்களையே கேளுங்க.”

திரும்பிப் பார்க்கவில்லை. கைப் பழக்கம். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் நெஞ்சு லேசானது.

“என் தம்பி பொண்டாட்டி ஏதோ பயத்துல உளர்றா. நான் எங்கயும் கூட்டிட்டுப் போகல. எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “அடுத்தவங்க பேசலாம்” என்றார் குழுத் தலைவி. நாலுமடி எப்படி உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ரத்தம் கொடுத்த கைதான் பிடித்துக் குப்புறத் தள்ளியிருக்கிறது.

வீட்டில் டயர்க்கடைக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் எல்லாவற்றையும் கேட்டான். “அக்கா சொன்னா ஏதாவது காரணம் இருக்கும், விடு” என்றான். அன்றிலிருந்து அவள் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டாள்.

மசோதா நிறைவேறியது. ஊசி போட்ட அந்தப் பின்னறையில் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்கள்.

சலவைக்கூடத்தில் விரிப்பின் இரு முனைகளைப் பிடித்தபடி அண்ணிதான் பேச்சை எடுத்தாள்.

“எங்க வீட்டுக்காரரு போன வருஷம் நெஞ்சுவலியில கிடந்தாரில்ல, அப்பக் கடவுள்கிட்ட வாக்குக் கொடுத்தேன்டி. பிழைச்சு வந்துட்டா இந்தப் பாவத்துக்கு இனிமே துணை போக மாட்டேன்னு.”

போன வருஷம். அப்படியானால் அதற்குப் பிறகும் இவள், “ஊசி நாள் வந்துருச்சாடி?” என்று கண்ணடித்திருக்கிறாள். “நான் எழுந்திருக்க மாட்டேனா?” என்றிருக்கிறாள்.

“துணை வர மாட்டேன்னு சொல்லியிருந்தா நானே தனியா பேசியிருப்பேன் அண்ணி. பொய் சொல்றதும் அந்த வாக்குல இருந்துச்சா? எனக்கும் ஒரு வாக்குக் கொடுத்தீங்களே.”

வானொலி குரலைத் தாழ்த்தினாள். “ஊரே என்னைப் பாத்துச்சு, வாயில அதுதான் வந்துச்சு. வேணும்னா நாளைக்கு டவுன் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் வரேன். யாருக்கும் தெரியாம போயிட்டு வந்துரலாம்.”

“தெரிஞ்சா என்ன?”

நாலுமடி கூடத்தின் பக்கம் திரும்பினாள். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் அவள் குரல் அதுவரை எழும்பியதே இல்லை.

“நாளைக்கு நான் வேலைக்கு வரமாட்டேன். கருத்தடை ஊசி போட்டுக்க டவுனுக்குப் போறேன்.”

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அண்ணியின் பிடியிலிருந்து விரிப்பை உருவி, அந்த முனைகளை ஜன்னல் கம்பியில் கட்டினாள். பின்னால் போய் ஒரு சுண்டு சுண்டினாள். ஜன்னல் எதிரே நடந்து வராதே; முழுத் தூரமும் அவளே நடந்தாள். முதல் மடிப்பு கோணிப்போனது. பிரித்துவிட்டு மறுபடி பின்னால் போனாள்.

வானொலியின் கைகள் துணி பிடித்த நிலையிலேயே அந்தரத்தில் நின்றன. அன்று மாலை மணி அடிக்கும் வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.