அரைக் கிரீடம்

போன வருஷம் பன்வில தேயிலைத் தோட்டத்து ஆபீசில் என் மேசைமேல், காவல் பார்க்கும் வாச்சர் அண்ணன் ஓர் இரட்டைக் குழல் துவக்கைக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. தொழிலாளர் லயத்து வீடுகளின் மரக்கறிப் பாத்திகளைக் காட்டுப்பன்றி உழுதுகொண்டிருந்தது.

"இப்ப வர்ற தோட்டாவ இதுல போடலாமுங்களா ஐயா?"

பழைய இங்கிலாந்துத் துவக்குகளின் குழலடியில், சோதித்துப் பார்த்ததற்கான முத்திரைகள் இருக்கும்: கிரீடமும் சில எழுத்துகளும். அந்தக் காலத்துக் கரிய வெடிமருந்துக்கு மட்டும் சோதித்ததா, அதைவிட வேகமான இன்றைய மருந்துக்கும் சோதித்ததா என்று அவைதான் சொல்லும். அதைப் படிக்கத் தெரியும் என்று தோட்டமெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்.

குழலைக் கழற்றி லென்ஸை வைத்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. ஓரத்தில் அரைக் கிரீடம் மட்டும் மிச்சம்.

"என்னண்ணே செஞ்சீங்க இத?"

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பேனுங்க. எங்கப்பாவும் அப்படித்தான்" என்றார் பெருமையாக.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் சாமிக்குச் செய்ததை என்னவென்று திட்டுவது? சுடுங்கள் என்றால் குழல் வெடித்து அவர் கையே போகலாம். வேண்டாம் என்றால் பாத்தி போகும். தெரியவில்லை என்று முனகினேன்.

அவர் குழலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் தேய்ச்சா தெரியுமுங்களா ஐயா?"