ஆவி பிடிக்கும் பிள்ளைகள்

ஆரணியில் பட்டு நெய்யும் கிருஷ்ணம்மாளின் மகள் ஜெயப்ரியா பத்தாம் வகுப்பு. ஒரு மாதமாக இருமிக்கொண்டே இருந்தாள். தெருவார் திருஷ்டி என்றார்கள். மந்திரித்த கயிறும் கட்டியாயிற்று. கயிறு கட்டச் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நுரையீரலைப் பற்றிப் பேசத்தான் ஒருவருமில்லை.

ஒருநாள் மகள் போனில், "டியூஷன் முடிஞ்சதும் ஆவி பிடிக்கலாம்டி" என்றது தாயின் காதில் விழுந்தது. சளிக்கு வெந்நீர் ஆவி என்று நினைத்து, "நல்லா பிடிங்கடி, சளி கரையும்" என்று தறியிலிருந்தே குரல் கொடுத்தாள். போனில் தோழி விழுந்து விழுந்து சிரித்தது இங்கே கேட்டது.

பிறகு பையைத் துவைக்க எடுத்தபோது, உள்ளே விரல் நீளத்தில் ஒரு நீலக் குச்சி. மாம்பழ வாசனை. புடவை டிசைன் வரும் பென்டிரைவ் என்று எண்ணி, தறிக்கு டிசைன் ஏற்ற வந்த பன்னீர்செல்வத்திடம் நீட்டினாள்.

"அக்கா, இது டிசைன் இல்லீங்க. வேப்பு. கரண்ட்டு சிகரெட்டு. கவர்மெண்ட்டே தடை பண்ணது. ஏது உங்களுக்கு?"

கிருஷ்ணம்மாள் குச்சியைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாலையில் குச்சியைக் காட்டியதும் மகள் அழுதாள். "வெறும் ஆவிம்மா. எல்லாரும் இழுத்துகினுதான் இருக்காங்க."

"தப்புன்னு தெரியலயாடி?"

"ஸ்கூல்ல உறுதிமொழி எடுத்தோமே, பீடி, சிகரெட், குட்கா தொடமாட்டோம்னு. இது அதுல இல்லியே."

பிள்ளை பொய் சொல்லவில்லை. குச்சியை எடுத்து வைத்துவிட்ட பிறகு ஜெயப்ரியா தூக்கமின்றித் தவித்ததும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்ததும் தாயைப் பயமுறுத்தின.

பள்ளிக்குப் போய்ச் சொன்னபோது தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய மூச்சு விடாதீங்கம்மா. ஸ்கூல் பேரு கெட்டா, உங்க பொண்ணுக்கு டி.சி.தான்."

விற்றவன் யார் என்று அவர் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்றும் யோசிக்கவில்லை. தண்டிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வாய் வரவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் கிருஷ்ணம்மாள் எழுந்தாள். குச்சியை உயர்த்திக் காட்டினாள்.

"இத்த பசங்க ஆவின்னு சொல்லிகினு திரியுதுங்க. ஆவி இல்லீங்க. உள்ள நிகோட்டின் இருக்குதாம், பழகினா விடாதாம். கிளாஸ்ல காட்டிச் சொல்லிக் குடுங்க சார்."

"எந்த மகாராணிகிட்ட எடுத்ததாம்?" என்று பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு.

சொன்னால் டி.சி. சொல்லாவிட்டால் இது வெறும் ஊர்வம்பாகப் போய்விடும்.

"எம் பொண்ணுகிட்ட."

சிரிப்பு நின்றது. ஒரு தாய் மெல்ல, அருகில் நின்ற தன் மகளின் பையைத் திறந்தாள். பிறகு இன்னொருத்தி.

மறுநாளே அறிவியல் ஆசிரியை மதிவதனி வகுப்பு வகுப்பாகப் போய்ப் பாடம் எடுத்தார். டி.சி. பற்றித் தலைமையாசிரியர் இதுவரை வாய் திறக்கவில்லை. பள்ளியிலிருந்து போன் வரும்போதெல்லாம் கிருஷ்ணம்மாளுக்குத் தறியில் இழை ஓட்டும் நாடா தவறுகிறது.