உருளும் கட்டையின் நாதம்

கட்டை உருட்டுகிற நாள் வந்தாலே எனக்குப் பயம். ஜெர்மனியின் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மிட்டன்வால்டில் வயலின் செய்கிறவர்கள் மரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. மலைமேலிருந்து ஒவ்வொன்றாக உருட்டிவிடச் சொல்வார்கள். பாறையில் மோதும்போது எது கணீரென்று ஒலிக்கிறதோ, அதுதான் வயலினின் மேல்பலகைக்கு ஆகும். முதலில் குரல் கொடுத்தவருக்கே அந்தக் கட்டை.

என் கணவர் கொர்பீனியனுக்கோ காது போய்விட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால், எங்களுக்கு வேலை கொடுக்கிற வியாபாரி வயலின் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, தந்தியை முறுக்குகிற ஆணிகளைச் சீவச் சொல்லிவிடுவான். வீட்டில் பலகையைத் தட்டி, விளிம்பைப் பல்லால் கடித்து, எலும்பு வழியே நாதத்தை வாங்கிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, அவர் வயலினை ஒருவரும் குறை சொன்னதில்லை. மலையில் எதைக் கடிப்பது? உள்ளங்காலால் கேட்டார் அந்த மனுஷன். அதிர்வு நன்றாகத் தெரிய வேண்டுமென்று, வருடத்துக்கு வருடம் கட்டை உருளும் தடத்துக்கு இன்னும் கிட்டப் போய் நின்றார்.

இந்த முறை எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஆபத்தென்றால் ஒரே இழுப்பு. கேட்டவர்களிடம், "பனி வழுக்குதுல்ல, அதான்" என்றேன்.

மரம் வெட்டுகிற குவிரீனுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னக்கா, கன்னுக்குட்டிய சந்தைக்குப் புடிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு! அவுத்து வுட்டா அண்ணன் ஓடிருவாரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அந்த வாய்களைப் பார்த்தார். முகம் சிவந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"வேணாங்க, சொன்னா கேளுங்க!"

என் உதட்டசைவு அவருக்குப் புரிந்தது. "போடி, மானத்த வாங்காத" என்று கையை உதறிவிட்டுப் போனார். பாவி மனுஷன்!

குவிரீன் மேலே ஏறி முதல் கட்டையை உருட்டினான். சொத்தென்று வந்தது. இரண்டாவது கட்டை பாறையில் மோதியதும், மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் இவர் கத்திவிட்டார்: "எனக்கு! இது என்னோடது!"

சந்தோஷம் தாங்காமல் தடத்துக்குள்ளேயே ஓடினார். கட்டை போய் நின்ற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பஞ்சுப் பனி. அங்கே தரை அதிராது. மேலே அடுக்கியிருந்ததில் ஒரு கட்டை தானாக நழுவியது.

"கொர்பீனியா! தள்ளிப் போ! தள்ளிப் போய்யா!" குவிரீன் அலறினான். எல்லோரும் அலறினார்கள். நானும் கத்திக்கொண்டே ஓடினேன். மலையே எதிரொலித்தது. அவர் கட்டையைத் தடவியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

என் கணவருக்குக் காது கேட்காது என்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது.