மாசிலாமணி ஐயாவும் பன்னீர் சோடாவும்

போன வாரம் எங்கள் பேட்டை கல்மண்டபத்தில் ஒரு தவறு நடந்துவிட்டது. இறந்துபோன மனிதருக்கே போன் போட்டு, 'ஒரு சாவு, வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க' என்று கூப்பிடப் பார்த்தார்கள்.

கூப்பிட்டவன் என் தோஸ்து. குடித்திருந்தானா என்று கேட்காதீர்கள். டீ மட்டும்தான்.

பெயர் எட்டியப்பன். பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்ச். இப்போது சாமியானா, நாற்காலி, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறான். எங்கள் பக்கம் யார் வீட்டில் சாவு என்றாலும் அவன் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். பந்தல் கட்டும், நாற்காலி இறக்கும், ஐஸ் பெட்டிக்கு கரண்ட் இழுக்கும்... அப்புறம் போனை எடுத்து மாசிலாமணி ஐயாவின் நம்பரை அழுத்தும். பல வருஷப் பழக்கம். அன்றைக்கும் அழுத்திவிட்டது. ஐஸ் பெட்டிக்குள் படுத்திருப்பதே மாசிலாமணி ஐயாதான் என்று கைக்கு யாரும் சொல்லவில்லை.

ஐயாவின் மகள் பொற்கொடி அப்போதுதான் அவருடைய போனுக்கு சார்ஜ் ஏற்றி, கொண்டுவந்து பெட்டியின் கண்ணாடி மேல் வைத்திருந்தாள். மாலைகளுக்கு நடுவில் கிடந்து அது அடித்தது.

ரிங்டோன் என்ன தெரியுமா? பள்ளிக்கூட மணி. ஐயா தேடிப்பிடித்து வைத்துக்கொண்டது. டிங்... டிங்... டிங்...

பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், விம்கோ நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பேரன் பேத்தி எடுத்தவர்கள். மணிச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். எதற்கு எழுந்தோம்? தெரியாது. முழங்கால் வலியோடு எழுந்தோம்.

பொற்கொடி போனை எடுத்தாள்.

"ஹலோ... ஐயா கீறாராம்மா?" என்றான் எட்டியப்பன், பந்தல் கால் ஓரமாக நின்று, ரோட்டைப் பார்த்தபடி. "இன்னிக்கு சாயந்தரம் மூலக்கொத்தளத்துல ஒரு... ஐயாவ கொஞ்சம் வரச்சொல்லி..."

திரும்பினான். நாலு நாற்காலி தள்ளி, அதே போனைக் காதில் வைத்துக்கொண்டு பொற்கொடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வருவாருண்ணா," என்றாள். "இன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடியே வந்துருவாரு."

எட்டியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அதுவரை அந்தப் பந்தலில் யாரும் அப்படி அழவில்லை. பாவி, சிரிப்பு மூட்டிவிட்டு அழுகிறான். நாங்கள் எதைச் செய்வது?

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. மாசிலாமணி ஐயா எங்கள் உயர்நிலைப் பள்ளியின் தமிழாசிரியர். ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடி ஒரு வேலை தானாக வந்தது. எங்கள் பக்கம் யாரைப் புதைத்தாலும், மண் தள்ளுவதற்கு முன்னால் குழி ஓரமாக நின்று பேசுவார். சாதி, மதம், கட்சி எதுவும் பார்க்கமாட்டார். ஆள் இறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி.

அவர் பேச்சுக்கு ஒரே விதி. 'நல்லவர்' என்ற சொல் வரவே கூடாது.

"செத்தவன நல்லவன்னு சொல்றது சோம்பேறித்தனம்டா," என்பார். "அவன் பண்ண கோணங்கித்தனம் ஒண்ண சொல்லு. ஆளு எழுந்து வந்து எதுர்ல நிப்பான்."

மளிகைக்கடை அண்ணாச்சி இறந்தபோது ஐயா சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. 'அண்ணாச்சி கொசுறு கறிவேப்பிலையைக்கூட இலை இலையாகக் கிள்ளித்தான் தருவார். ஆனால் கிள்ளி முடிப்பதற்குள் நம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வரன் பார்க்கிறோம் என்று மொத்தமும் விசாரித்து முடித்திருப்பார்.' முதலில் சிரித்தது அண்ணாச்சியின் மனைவி. அடுத்த நொடி கதறியதும் அந்த அம்மாள்தான்.

ஐயாவிடம் ஒரே ஒரு குறை. முடிக்கத் தெரியாது.

வகுப்பிலும் அப்படித்தான். மணி அடித்த பிறகுதான் "கடைசியா ஒண்ணு" என்று ஆரம்பிப்பார். கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வாசலில் நின்று நின்று பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் அவரே உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். இடுகாட்டில் இன்னும் மோசம். மண்வெட்டி காத்திருக்கும். வெயில் காத்திருக்கும். செத்தவரும் காத்திருப்பார் — அவருக்கு வேறு என்ன வேலை?

எட்டியப்பன்தான் வழி கண்டுபிடித்தான். மைக்கில் "கடைசியா ஒண்ணு" என்று கேட்டதும், ஒரு பன்னீர் சோடாவின் மூடியைத் திறந்து ஐயாவின் கையில் வைத்துவிடுவான். பன்னீர் சோடாவை மறுக்க ஐயாவால் முடியாது. குடித்துக்கொண்டே பேசவும் முடியாது. அந்த இடைவெளியில் மைக் கைமாறிவிடும். மண் தள்ளலாம்.

இந்தச் சூழ்ச்சி ஐயாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள்கூடக் காட்டிக்கொண்டதில்லை. சோடாவை மிச்சம் வைத்ததும் இல்லை.

சரி, பந்தலுக்கு வருவோம். எட்டியப்பனை எழுப்பி உட்காரவைத்துவிட்டு பொற்கொடி கேட்டாள்.

"ஊருக்கே அப்பா பேசினாரு. அப்பாவுக்கு யாருண்ணா பேசறது?"

பந்தல் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"மாமு, நீதான் பேப்பர்ல எழுதிகினு கீற," என்றான் எட்டியப்பன், மூக்கைத் துடைத்தபடி.

எழுதுவது வேறு, பேசுவது வேறு என்றேன். மைக்கைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

"யாரும் பேசாம மண்ண தள்ளிட்டு வந்துட்டோம்னா, எனக்கு ஜென்மத்துக்கும் ஆறாதுண்ணா," என்றாள் பொற்கொடி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுக்காக நல்லவர், வல்லவர்னு ஆரம்பிச்சிடாதீங்க. எழுந்து திட்டுவாரு."

என் பயம் வேறு. பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஐயா வாராவாரம் படிப்பார். படித்ததும் போன் வரும். "சோக்கா எழுதிகீறடா. அந்தி வானம் துறைமுகத்து மேல துரு மாதிரி படிஞ்சுதுன்னு... நல்லாதான் கீது. ஆனா நீ அங்க எந்த பஸ்ல போன? அத்த சொல்லவே இல்லியே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துருப்பிடித்த வானத்துக்கு எதற்கு ஐயா பஸ்?

சாயந்தரம் ஊர்வலம் கிளம்பியது. மோளம் அடிக்க, பூ இறைபட, கன்டெய்னர் லாரிகள் ஹாரனை அடக்கிக்கொண்டு பின்னால் ஊர்ந்தன. நான் நடந்துகொண்டே மனசுக்குள் வரிகளைக் கோத்தேன். அழகான வரிகள். சத்தியமாக அழகான வரிகள்.

மூலக்கொத்தளம் இடுகாடு. குழி தயார். மைக் என் கையில்.

"வங்கக் கடலே..." என்றேன். "இன்று உன் உப்பில் ஒரு சிட்டிகைத் தமிழ் குறைந்துவிட்டது..."

ஒரு காக்கா மட்டும் ஏதோ சொன்னது.

கூட்டத்தில் காசிமேட்டு சுலோச்சனா நின்றிருந்தாள். எங்களுக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவள், மீன் ஏலத்தில் அவள் குரலுக்கு மைக் வேண்டாம்.

"கடலுகிட்ட அப்பால பேசிக்கலாம் நைனா," என்றாள். "சாரு இன்னா பண்ணாரு, அத்த சொல்லு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பொற்கொடி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோத்த வரிகளை எல்லாம் விட்டுவிட்டேன்.

"ஐயா நெய்தல் நடத்தினா வகுப்புக்குள்ள அலை அடிக்கும்," என்று ஆரம்பித்தேன். "கேட்டுக்கினே இருந்த நம்ம கிளாஸ் தேசப்பன், ஒரு நாள் ஐயாவ அவங்க அப்பாவோட மீன்புடி போட்டுக்குக் கூட்டிகினு போனான்."

கூட்டத்துக்குள் தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகையா என்று தெரியவில்லை.

வெள்ளை வேட்டி, கையில் குடையோடு ஐயா வந்ததைச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏறி, வலைக் குவியல் மேல் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைச் சொன்னேன். படகு லேசாக ஆடியதும் குடையை விரித்து மார்போடு அணைத்துக்கொண்டார். 'கரை எந்தப் பக்கம் கீது... கரை எந்தப் பக்கம் கீது' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அதுக்கு எங்க நைனா இன்னா சொன்னாரு தெரியுமா," என்று கூட்டத்திலிருந்து தேசப்பன் குரல் வந்தது. "கண்ண தொற வாத்தியாரே. இன்னும் கயித்தயே அவுக்கலன்னாரு."

மூலக்கொத்தளமே சிரித்தது. பக்கத்துக் குழிக்கு வந்திருந்த கூட்டம்கூடத் திரும்பிப் பார்த்தது.

"மறுநாள் வகுப்புக்கு வந்தாரு," என்றேன். "எங்க எல்லாரையும் ஒரு சுத்து பாத்தாரு. 'நேத்து நடந்தது பாடத்துல இல்ல'ன்னாரு. விட்ட எடத்துலருந்து நெய்தல ஆரம்பிச்சாரு. ஆனா அன்னியிலருந்து, அலைன்னு சொல்லும்போதெல்லாம் மேஜை ஓரத்த புடிச்சிப்பாரு."

பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உடைந்தாள். ஐயா எழுந்து வந்து குடையோடு நின்றதை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம், இல்லையா?

முடியவில்லை. கணக்கு வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். கறிவேப்பிலைக் கதையைச் சொன்னேன். கூட்டத்திலிருந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள், அதையும் சொன்னேன். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் நாக்கா இது? மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். நான் பேசுகிற வரைக்கும் அவர்கள் நிற்பார்கள். நான் நிறுத்தினால் மண் விழும்.

அந்த மனிதர் இத்தனை வருஷம் ஏன் முடிக்கத் தெரியாதவர் மாதிரியே இருந்தார் என்று குழி ஓரத்தில் நின்றால்தான் தெரிகிறது.

"கடைசியா ஒண்ணு..." என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

பக்கத்தில் 'டப்' என்று ஒரு மூடி திறக்கும் சத்தம். எட்டியப்பன். கண் இரண்டும் சிவந்திருந்தன. பன்னீர் சோடாவை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டான்.

"குடி மாமு," என்றான்.

குடித்தேன். மைக்கை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டான். முதல் மண் விழுந்தபோது நான் சோடாவை விட்டு வாயை எடுக்கவே இல்லை. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

ஐயா, திரும்பி வந்தது ஷேர் ஆட்டோவில். இந்த வாரம் மறக்காமல் எழுதிவிட்டேன்.