நான் முறித்த கொப்புகள்

காட்டில் ஆள் காணாமல் போனால் எங்கள் குடியேற்றத்தில் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அத்தானைத் தேடி மூண்டு நாள் காடு அளந்தவர்" என்று புதிதாக வந்தவர்களுக்கு என்னைக் காட்டிச் சொல்வார்கள். மூன்று நாள் அளந்தது உண்மைதான். அளந்த லட்சணத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மல்லாவிக்கு மேற்கே குளத்தைத் திருத்தி, கீழே காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரு காணி. எல்லை வேலிக்கு அடுத்த பக்கம் எனக்கு ஒன்று. எங்களுக்கு அப்பால் ஒரு மைல்கட்டை தூரத்தில், ஒரு சின்னக் குளத்தைச் சுற்றிப் பழைய ஊர் ஒன்று இருந்தது. அந்தச் சனம் எத்தனை தலைமுறையாக அங்கே இருந்ததென்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் காட்டிய துரவில் தண்ணீர் அள்ளினோம், அவர்கள் சொன்ன நாளில் விதைத்தோம், பிறகு எங்களுக்குள் அவர்களைக் 'காட்டார்' என்று சொல்லிச் சிரித்தோம். நன்றிகெட்ட கூட்டம் என்று ஒன்று உண்டென்றால் அது நாங்கள்தான்.

அத்தான் மட்டும் அவர்களோடு ஒட்டிக்கொண்டார். அந்த ஊரில் தேன் எடுக்கும் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த தேகம், பேச்சுக் குறைவு. தேன்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வயலில் வேலை ஓய்ந்தால் அத்தான் அவரோடு காட்டுக்குப் போய்விடுவார். அவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டும் வருவார். எனக்கு அது மானக்கேடாக இருந்தது.

"அத்தான், உந்தக் காட்டாரோடை இருந்து சாப்பிடுறியளாம். ஊரிலை தெரிஞ்சால் என்ன கதைப்பினம்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கதைக்கட்டும் மச்சான். காட்டுப்பண்டிக் கறி நல்ல ருசி. நீயும் ஒருக்கா வா" என்றார். அவரோடு கோபிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

சிறுபோகம் வெட்டி முடிந்த ஆவணி மாதம். குளத்தில் சேறுதான் மிச்சம். அத்தானின் எருமைகள் இரண்டு பட்டிக்கு வராமல் காட்டுக்குள் போய்விட்டன. விடியற்காலை ஒரு போத்தல் தண்ணீரும் காட்டுக்கத்தியும் எடுத்துக்கொண்டு, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். மத்தியானமும் வரவில்லை, பொழுதுபட்டும் வரவில்லை. அக்கா இரண்டு பிள்ளைகளையும் இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு என் வேலிப் படலைக்கு வந்து நின்றாள். "தம்பி, அந்த மனிசன் ஒரு போத்தல் தண்ணியோடை போனதடா" என்றாள். அந்த வெயிலில் ஒரு போத்தல் தண்ணீர் எத்தனை நாழிகைக்குக் காணும்?

மறுநாள் விடிய எங்கள் குடியேற்றச் சங்கக் கொட்டிலுக்கு முன்னால் இருபத்துச் சொச்சம் பேர் கூடிவிட்டோம். ஒருவரையும் வருந்தி அழைக்கவில்லை, தாங்களாகவே வந்தார்கள். குடியேற்றத்தின் நல்ல குணம் அது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தகரம் தட்ட ஒருவர், சங்கு ஊத ஒருவர், கத்தி பிடித்தவர்கள், பொல்லுப் பிடித்தவர்கள். நாங்கள் புறப்படும்போது தேன்காரர் தன் ஊர் ஆட்கள் நால்வரோடு வந்து சேர்ந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு பேர் வேண்டாம்" என்றார் என்னிடம். "நாங்கள் முன்னுக்குக் காலடி பாத்துப் போறம். ஒரு நாலு பேர் எங்களுக்குப் பின்னாலை வாங்கோ. சத்தம் போடாதேங்கோ. நாங்கள் கத்திக்கொண்டு போனால் அவர் கூப்பிடுறது எங்களுக்குக் கேக்குமோ?"

எங்கள் சங்கத் தலைவர், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக வேலை பார்த்து இளைப்பாறியவர், தொண்டையைச் செருமினார். "இவைக்குப் பின்னாலை நாங்கள் போறதோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். காணாமல் போனவர் என் அத்தான். முடிவு சொல்ல வேண்டியவன் நான். இருபது பேர் என் வாயைப் பார்த்தார்கள்.

"எங்கடை ஆளை நாங்கள் தேடுவம். நீங்கள் உங்கடை பாட்டிலை தேடுங்கோ" என்றேன்.

தேன்காரர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் போனவர் நின்று, "தம்பி, கொப்பு முறிக்காதேங்கோ. முறிக்கிறதெண்டால் நாங்கள்…" என்று தொடங்கினார்.

"ஏன், கொப்பு முறிக்கவும் உங்களிட்டைப் படிக்க வேணுமோ?"

அவர் மீதியைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்?

தெற்குப் பக்கத்தால், ரோட்டிலிருந்து காட்டுக்குள் நாங்கள் இறங்கினோம். காட்டில் வழி தவறாமலிருக்கப் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒருதரம் நெஞ்சளவில் நிற்கும் இளங்கொப்பைப் பாதி முறித்து மடக்கிவிட வேண்டும். அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாங்கள் போகிற திசையை நுனி பார்க்கும்படி மடக்கினேன். அம்புக்குறி முன்னால்தானே பார்க்கும்? பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு வேறு விதமாகத் தோன்றுமா? பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நின்ற காட்டில், சூரை முள் வேட்டியைக் கிழிக்க, தகரம் ஒரு பக்கம், சங்கு ஒரு பக்கம், "அத்தான்! அத்தான்!" என்று நான் ஒரு பக்கம். இப்படியே ஒரு வறண்ட ஓடைவரைக்கும் போனோம். அங்கே எல்லோருக்கும் நா வறண்டுவிட்டது. கொண்டு போன தண்ணீரை நாங்களே குடித்து முடித்துவிட்டுத் திரும்பினோம். எங்கள் கொப்புகள் எங்களைப் பிசகாமல் வெளியே கொண்டு வந்து விட்டன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அட மூதேவி!

அன்று பின்னேரம் எருமைகள் இரண்டும் தாங்களாகவே வந்து பட்டி வாசலில் நின்றன. அக்கா அவற்றுக்குத் தண்ணீர் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

இரண்டாம் நாள் வடக்குப் பக்கம் போனோம். "தெற்குப் பக்கம் பாத்து முடிஞ்சுது" என்று சங்கத் தலைவர் தீர்ப்புச் சொன்னார், நானும் தலையாட்டினேன். வடக்கில் கரடி கிண்டிய புற்றுகளைத் தவிர ஒன்றுமில்லை. அன்று கூட்டத்தில் பாதிப்பேர் பத்து மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

மூன்றாம் நாள் காலை தேன்காரரின் ஆள் ஒருவன் ஓடிவந்தான். "உங்களை மட்டும் வரட்டாம்" என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் உயிர் இல்லை என்று விளங்கிவிட்டது. அக்கா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் நடந்தேன்.

அவன் என்னைத் தெற்குப் பக்கத்தால்தான் கூட்டிப் போனான். நான் முறித்த கொப்புகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. முக்கால் கட்டை தூரம் போனதும் தேன்காரர் ஓரிடத்தில் குந்தியிருந்தார். கிழக்கே விரலை நீட்டினார். அந்தப் பக்கமிருந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த காலடித் தடம் ஒன்று புழுதியில் வந்து, எங்கள் கொப்பு வரிசையில் முட்டியது.

"முழங்காலிலை அடி பட்டிருக்கு. முந்தநாள் பொழுது சாயேக்கை இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்" என்றார். "நீங்கள் போன அடிக்கு மேலை அவரின்ரை அடி கிடக்கு. நீங்கள் திரும்பின பிறகுதான் வந்திருக்கிறார்."

"பிறகு?"

"இதிலை நிண்டு கொப்பைப் பாத்திருக்கிறார். இஞ்சை பாருங்கோ, இலையைக் கையாலை தடவிப் பாத்திருக்கிறார்." என் பக்கம் திரும்பினார். "இது ஆர் முறிச்சது?"

"நான்தான்."

அவர் எழுந்தார். அந்த அடி எங்கள் கொப்புகளைப் பிடித்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் வராமல், உள்ளே போனது. ஒவ்வொரு கொப்புக்கும் கிட்ட நின்று, சில இடங்களில் குந்தியிருந்து, பிறகும் எழும்பி நடந்திருந்தார். நாங்கள் திரும்பிய அந்த வறண்ட ஓடையில், கடைசிக் கொப்புக்குக் கீழே அத்தான் கிடந்தார். இரண்டு கையாலும் ஓடை மணலைத் தோண்டியிருந்தார். முழங்கை ஆழத்துக்குத் தோண்டியும் ஈரம் வரவில்லை.

"நாங்கள் நுனியை வீட்டுப் பக்கம்தான் மடக்கிறது தம்பி" என்றார் தேன்காரர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "போற பக்கம் போறவனுக்குத் தெரியும். வாற பக்கம்தான் மறந்துபோகும். அவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தனான். நான் முறிச்ச கொப்பெண்டு நம்பிப் போயிருக்கிறார்."

ஐயோ, முதல் கொப்பைக் கண்டதும் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார் அந்த மனிசன்! வீட்டுக்கு வழி கிடைத்துவிட்டது, பெண்சாதி பிள்ளைகளைப் பார்க்கலாம், வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கலாம் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்போடு, வீங்கின முழங்காலை இழுத்துக்கொண்டு, என் கொப்புகளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறார். மற்றப் பக்கம் நடந்திருந்தால் முக்கால் கட்டையில் ரோட்டு. மறுநாள் நாங்கள் வடக்கே போகாமல் பழைய வழியில் இன்னொருதரம் வந்திருந்தால் உயிரோடேயே எடுத்திருப்போம். இந்தக் கணக்கை நான் எத்தனை ஆயிரம் தரம் பார்த்துவிட்டேன். ஒருதரமும் வேறு விடை வரவில்லை.

இரண்டு தடியும் சாக்கும் கட்டி அவரைத் தூக்கினார்கள். தேன்காரர் முன்னால் போய், நான் முறித்த கொப்பு ஒவ்வொன்றையும் கத்தியால் அடியோடு தறித்து எறிந்துகொண்டே வந்தார். என்னைக் காப்பாற்றத்தான் செய்கிறார் என்று நினைத்து, "அண்ணை, இந்த உதவியை மறக்கமாட்டன்" என்றேன். முதல்தரம் அவரை அண்ணை என்றது அப்போதுதான்.

"உங்களுக்கில்லை" என்றார். "நாளைக்கு எங்கடை பிள்ளையள் ஆரும் இதைப் பாத்துப் போகப்படாது."

குடியேற்றத்து எல்லைக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் ஓடிவந்து தடியைத் தங்கள் தோளில் வாங்கிக்கொண்டார்கள். பழைய ஊர் ஆட்கள் ஐந்து பேரும் படலைக்கு வெளியே நின்றார்கள். மூன்று நாள் எங்கள் ஆளைத் தேடி, சுமந்துகொண்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தோம். தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தோம். அவர்கள் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது, தெரியாதபடியால் சிரட்டை. தேன்காரர் அதை வேலியோரம் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வீட்டுக்குள் போய் நாங்கள் குடிக்கும் மூக்குப்பேணி ஒன்றை எடுத்துவர எனக்குக் கால் எழவில்லை.

சங்கக் கூட்டத்தில் சங்கத் தலைவர் எழுந்து, சாப்பாடு தண்ணி இல்லாமல் மூன்று நாள் தேடிய என்னைப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கைகூப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, சொல்லத் துணிவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வயலையும் நானே உழுதேன். அக்காவின் வேலியை அடைத்தேன், கூரையை வேய்ந்தேன், பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டு போனேன். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிவிட்டேன். "உடன்பிறப்பெண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்று சனம் சொன்னது. அக்கா தினமும் மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். அவள் கையால் சோறு வாங்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

ஐந்தாறு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், கொப்பு விசயம் முழுவதையும் சொல்லி முடித்தேன்.

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

நிமிர்ந்தேன். "ஆர் சொன்னது?"

"அத்தான்ரை எட்டாம்நாள் செலவுக்கு அடுத்தநாள் நீ வயலுக்குப் போன நேரம் அந்தத் தேன்கார மனிசன் வந்தவர். 'தங்கச்சி, நான் முறிச்ச கொப்பெண்டு நினைச்சுத்தான் போனவர். என்னிலை ஏதும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ' எண்டு சொல்லி அழுதவர். பிறகு நடந்ததெல்லாம் சொன்னவர்."

பிழை செய்யாதவர் வந்து அழுதிருக்கிறார். பிழை செய்தவன் வந்து தினமும் சாப்பிட்டிருக்கிறேன்.

"அக்கா, அப்ப ஏன் நீ என்னை ஒரு சொல்லும் கேக்கேல்லை?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று தேடினேன். களைப்புத்தான் இருந்தது.

"கேட்டால் நீ வெக்கத்திலை ஊருக்கு ஓடியிருப்பாய். பிறகு ரெண்டு பிள்ளையளோடை என்ரை வயலை ஆர் உழுகிறது?" என்றாள். "மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் நினைச்சுப் போடாதை. கோப்பையை இஞ்சாலை தள்ளு, குழம்பு விடுறன். பின்னேரம் வாய்க்காலிலை தண்ணி திறக்கினமாம்."

கோப்பையைத் தள்ளினேன். அவள் விட்ட குழம்போடு பிசைந்து, மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, அவள் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனேன்.