பூக் கேட்ட ஆடி

போன ஆடியில் முதல் மழை பெய்த மறுநாள், மல்லசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் காட்டுக்குக் காடு டிராக்டர் இறங்கியது. நான் மட்டும் ஒரு வரப்பில் நின்று, "இப்ப விதைக்காதீங்கண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். வேளாண்மைத் துறையில் எனக்கு அதுதான் வேலை. மழை முன்போல் இல்லை, ஒரே மழையை நம்பிக் கடலைக்காய் போட்டால் முளைத்ததும் காய்ந்துவிடும், அடுத்த மழைக்குப் பொறுங்கள் என்று சொல்ல வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றே வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். எனக்கு அது வாயளவில்தான் உண்டு.

அந்த அண்ணனுக்குக் கிணறு கிடையாது. வானம் பார்த்த காடு, வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, அப்பறம் மழ வராட்டி நாங்க என்னத்தத் திங்கறது? எதுக்கும் அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்."

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஊர்க் கோயிலில் அம்மன் முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் அடுத்த மழைக்குப் பொறுத்திருக்கலாம், சிவப்பு வந்தால் உடனே விதைக்கலாம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. "அம்மனே சொல்லிப்போட்டா!" என்று அந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இனி மழை பொய்த்தால் என் வாக்கோடு அம்மன் வாக்கும் சேர்ந்து பொய்க்கும்.

ஊர்க்காடெல்லாம் பச்சை பிடித்தது. அவர்கள் காடு வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. "மேடத்துக்கென்னங்க, மழ வந்தாலும் வராட்டியும் மாசமானாச் சம்பளம்" என்றார் டீக்கடைக்காரர். சுருக்கென்று கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மையாயிற்றே!

பிறகு வெயில் பிடித்துக்கொண்டது. ஊர்ப் பயிர் வாடிச் சுருண்டது. நான் சொன்னது பலிக்கிறதே என்று சந்தோஷப்படவா முடியும்? மழையே வராவிட்டால் இவர்களுக்கும் ஒன்றுமில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊர் பஸ்ஸைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆவணியில் மழை வந்தது, நின்று நிதானமாகப் பெய்தது. அண்ணனும் அக்காவும் விதைத்தார்கள், காய் பிடித்தது. அக்கா ஒரு மஞ்சப்பை நிறையக் கடலைக்காயை நீட்டியபோது அழுதுவிட்டேன்.

இந்த ஆடியிலும் முதல் மழை பெய்தது. மறுநாள் போனால், ஒரு டிராக்டர்கூட இறங்கவில்லை. டீக்கடைக்காரர் உட்பட ஊரே கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தது.

"பூக் கேட்டாச்சுங்களாக்கா?" என்றேன்.

அக்கா சிரித்தார். "அதெதுக்குங்க அம்மிணி? நீங்க சொன்னாச் செரி."

அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"இல்லீங்கக்கா, எதுக்கும் ஒருக்காப் பூக் கேட்டுப்போடலாம்" என்றேன்.